கல்லும் கோலும் கணக்கும்: தமிழ் நிறையளவைகளை வாசிக்கும் முறை குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழர் அளவைகளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பல. பாடநூல்களின் பின்னிணைப்பிலும், இலக்கிய உரைகளின் அடிக்குறிப்பிலும், பண்பாட்டுக் கட்டுரைகளிலும் அவை இடம்பெறுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வாய்பாட்டு வடிவில் அமைந்தவை. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு பாரம் என்று அவை வரிசைப்படுத்தும். அண்மைக் காலத்தில் அவ்வரிசைக்கு எதிரே கிராம், கிலோகிராம் என்னும் மற்றொரு வரிசையும் சேர்க்கப்படுகிறது. மாணவர் அதனை மனனம் செய்கின்றனர். ஆசிரியர் அதனைக் கொண்டு செய்யுளுக்கும் கல்வெட்டுக்கும் பொருள் உரைக்கின்றனர்.

இவ்வாய்பாடுகளின் பயனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. வழக்கொழிந்த அளவைப் பெயர்கள் முற்றாக மறையாமல் காத்தவை அவையே. ஆயினும், வாய்பாட்டை மட்டுமே கொண்டு அளவைகளை வாசிக்கும் பழக்கம் ஒரு பிழைக்கு இடமளிக்கிறது. தமிழர் அனைவரும் எல்லாக் காலத்திலும் ஒரே நிறையளவை முறையைக் கையாண்டனர் என்றும், அம்முறையைப் பின்னர் வந்த மெட்ரிக் முறை நீக்கிவிட்டது என்றும் அது எண்ணச் செய்கிறது. உண்மை வேறு. நிறையளவை என்பது பெயரும் எண்ணும் மட்டுமன்று. எவருடைய கல்லால் நிறுக்கப்பட்டது, எதனைச் சேர்த்து எதனை நீக்கி நிறுக்கப்பட்டது, துலாக்கோல் எவர் கையில் இருந்தது என்பவையும் அதனுள் அடங்கும். தமிழ் இலக்கண, இலக்கிய, கல்வெட்டுச் சான்றுகள் சிலவற்றைக் கொண்டும், தமிழர் தோட்டத் தொழிலாளராகக் குடியேறிய ஜொகூர் மாநிலத்தின் அனுபவத்தைக் கொண்டும் இக்கருத்தை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

பெயர், விகிதம், கல்: மூவகைச் சான்றுகள்

நம் நூல்களில் நிறையளவைகள் மூவேறு தேவைகளுக்காகப் பேசப்படுகின்றன. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாமல் எல்லாவற்றையும் ஒரே வாய்பாட்டில் சேர்ப்பதே குழப்பத்தின் தொடக்கம் எனலாம்.

முதலாவது, இலக்கணத்தின் தேவை. தொல்காப்பியம் எழுத்ததிகாரத் தொகைமரபில் அளவுப் பெயரும் நிறைப் பெயரும் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ ஆகிய ஒன்பது எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்று கூறப்படுகிறது. உரையாசிரியர் இளம்பூரணர் நிறைப் பெயர்களுக்குக் கழஞ்சு, சீரகம், தொடி, பலம், நிறை, மா, வரை, அந்தை என்பவற்றை எடுத்துக்காட்டுகிறார். இலக்கண ஆசிரியருக்கு வேண்டியது இச்சொற்கள் பிற சொற்களோடு புணரும் முறை மட்டுமே. ஆகவே அங்குப் பெயர்கள் உண்டு. ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் இல்லை. அப்பட்டியலை ஒரு நிறையளவை முறையாகக் காட்டுவது, இலக்கணம் சொல்லாததை அதன் வாயில் இடுவதாகும்.

இரண்டாவது, விகிதத்தின் தேவை. திருக்குறள் உழவு அதிகாரத்தில் ஒரு தொடிப் புழுதி கஃசாகக் காயும்படி உழுதல் பேசப்படுகிறது. தொடி என்பது ஒரு பலம் என்றும், கஃசு என்பது கால் பலம் என்றும் பரிமேலழகர் பொருள் கொள்வார். வள்ளுவர் கூற விரும்பியது நான்கில் ஒரு பங்காகக் காய்தல் என்னும் விகிதத்தையே. அந்தப் பலம் மதுரைப் பலமா, காஞ்சிப் பலமா என்னும் கேள்வி அங்கு எழுவதில்லை. எந்தப் பலத்தைக் கொண்டாலும் கருத்து பொருந்தும். இவ்விடத்தில் ‘தொடி என்பது 35 கிராம்’ என்று குறிப்பெழுதுவது பிழையன்றாயினும் தேவையற்றது. வள்ளுவர் சொல்லாத ஒரு நுட்பத்தை அது மாணவர்க்குக் கற்பிக்கிறது.

மூன்றாவது, உடைமையை வழங்கும் ஆவணத்தின் தேவை. இங்குப் பெயரும் விகிதமும் போதா. முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இதற்குச் சிறந்த சான்று. கோயிலுக்கு வழங்கப்பட்ட பொன் ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய கல்லாலும், மணிகள் பதித்த அணிகலன்கள் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் பெயருடைய கல்லாலும் நிறுக்கப்பட்டன என்று அவை பதிவு செய்கின்றன. ஆடவல்லான் என்பது கூத்தப்பெருமானின் பெயர். கொடுத்தவர் அரசரே ஆயினும் ‘இத்தனை கழஞ்சு’ என்பதோடு ஆவணம் நிற்கவில்லை. எந்தக் கல்லால் என்பதையும் கூறுகிறது. ஒரே கழஞ்சு எங்கும் வழங்கியிருந்தால் கல்லின் பெயரைத் திரும்பத் திரும்பப் பொறிக்க வேண்டிய தேவை எழுந்திராது. விடேல்விடுகு என்னும் பல்லவர் விருதுப்பெயர் அளவைகளுக்கு இடப்பட்டிருந்ததும் இதே நோக்கில் கருதத்தக்கது. அளவைக்குப் பெயரிடுதல் அதற்குப் பொறுப்பேற்கும் அதிகாரத்தைச் சுட்டுதலாகும்.

அக்கல்வெட்டுகள் மற்றொரு நுட்பத்தையும் காட்டுகின்றன. அணிகலன்களின் நிறையைக் கூறும்போது, அரக்கு முதலியவற்றை உட்படுத்தி நிறுத்ததா, சரடு முதலியவற்றை நீக்கி நிறுத்ததா என்பதையும் அவை தெளிவாக்குகின்றன. கல் எவ்வளவு சரியானதாயினும், நிறுக்கப்படும் பொருள் எது என்பது வரையறுக்கப்படாவிடின் நிறை பொருளற்றது என்பதை அன்றைய எழுத்தர் அறிந்திருந்தனர். இன்றைய வாய்பாடுகளில் இவ்விரு செய்திகளுக்கும் இடமில்லை. கழஞ்சுக்கு நேராக ஓர் எண் உள்ளது. கல்லின் பெயரும் இல்லை, நீக்கப்பட்டவற்றின் பட்டியலும் இல்லை.

விதையும் கல்லும்

குன்றிமணியும் மஞ்சாடியும் இயற்கையே தந்த படிக்கற்கள் ஆதலால் அவை எங்கும் எக்காலத்தும் மாறாதவை என்னும் கருத்து பல கட்டுரைகளில் காணப்படுகிறது. மஞ்சாடி விதை ஏறக்குறைய கால் கிராம் நிறையுடையது என்பது உண்மையே. இருபது மஞ்சாடிக்கு ஏறக்குறைய 5 கிராம் என்று கழஞ்சின் நிறையை ஊகிக்கவும் அது துணைபுரிகிறது. ஆனால் விதைக்கு விதை நிறை வேறுபடும். ஈரப்பதமும் முதிர்ச்சியும் அதனை மாற்றும்.

இதே விதை மலாய் உலகிலும் பொன் நிறுக்கப் பயன்பட்டது. மலாய் மொழியில் அதற்குச் சாகா என்று பெயர். மலாயாவில் வழங்கிய பொன்னிறை முறையில் 12 சாகா ஒரு மாயம். 16 மாயம் ஒரு புங்கால். பிரிட்டிஷார் காலத்து நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் புங்கால் 832 கிரெயின், அதாவது ஏறக்குறைய 53.9 கிராம் என்று கொள்ளப்பட்டது. அக்கணக்கின்படி ஒரு சாகா 0.28 கிராம் ஆகிறது. ஒரே விதை இங்கு ஒரு நிறையையும் அங்கு மற்றொரு நிறையையும் பெறுகிறது. காரணம், புங்காலின் நிறையை முடிவு செய்தது விதையன்று. வாணிகத்தில் புழங்கிய வெள்ளி நாணயம். 832 கிரெயின் என்பது ஏறத்தாழ இரண்டு ஸ்பானிய வெள்ளி டாலரின் நிறை. விதை பெயரைத் தந்தது. நிறையை நாணயம் தந்தது. தமிழகத்துப் பொன்னிறைகளையும் இந்நோக்கில் ஆராய வேண்டும்.

பொன்னைப் பொறுத்தவரை நிறையோடு மாற்றும் இன்றியமையாதது. மாற்று என்பது பொன்னின் தரத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல். மலாய் மொழியில் தரத்தைக் குறிக்கும் மூத்து என்னும் சொல் இதிலிருந்து பிறந்தது என்று மொழியறிஞர் கொள்வர். தமிழ் வணிகர் மலாய்த் துறைமுகங்களுக்குக் கொண்டுசென்றவற்றுள் அளக்கும் முறையும் தரம் பார்க்கும் முறையும் அடங்கும் என்பதற்கு இச்சொல் ஒரு தடயம். இன்றும் மலாய் மொழியில் தரத்தைக் குறிக்க இச்சொல் வழங்குகிறது.

ஒரே பெயர், வெவ்வேறு நிறை

அளவைப் பெயர் ஊர்விட்டு ஊர் செல்லும்போது பெயர் நிலைத்து நிறை மாறுவதே வழக்கம். மணங்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மணங்கு 25 இராத்தல், அதாவது 11.3 கிலோ, பம்பாய் மணங்கு 28 இராத்தல், அதாவது 12.7 கிலோ, வங்காள மணங்கு 82 இராத்தலுக்குச் சற்று மிகுதி, அதாவது 37.3 கிலோ. சென்னை மணங்கைப்போல் மும்மடங்குக்கும் மேற்பட்டது வங்காள மணங்கு. 1833ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு தோலாவை 180 கிரெயின் என்று வரையறுத்துச் சீர்மைக்கு அடித்தளமிட்டது. எனினும் சந்தை வழக்கு உடனே மாறவில்லை. சுதந்திர இந்தியா 1956இல் நிறைகள் அளவைகள் தரச் சட்டத்தை இயற்றி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் நிறைகளைப் படிப்படியாக நடைமுறைப்படுத்திய பின்னரே வீசையும் பலமும் கடைகளிலிருந்து விலகின.

கிழக்காசியாவில் காத்தியின் நிலையும் இவ்வாறே. மலாயாவிலும் ஹாங்காங்கிலும் ஒரு காத்தி ஒன்றேமூன்றில் ஒரு இராத்தல், அதாவது 604.79 கிராம். தைவானில் அது 600 கிராம். சீனப் பெருநிலத்தில் இன்று 500 கிராம். ஆகவே ‘காத்தி என்றால் எவ்வளவு?’ என்னும் கேள்விக்கு ‘எங்கே, எப்போது?’ என்னும் மறுகேள்வியே முதல் விடையாகும். பலத்துக்கும் கழஞ்சுக்கும் இதே மறுகேள்வியை நாம் கேட்பதில்லை என்பதே இக்கட்டுரை சுட்ட விரும்பும் குறை.

காவும் பிக்குலும்: ஒரு பொருந்தா ஒப்பீடு

வாய்பாட்டுப் பார்வை எங்குக் கொண்டுபோய்விடும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தொல்காப்பியம் ‘கா’ என்பதை ஒரு நிறைப் பெயராகக் குறிப்பிடுகிறது. அகராதிகள் அதற்கு நூறு பலம் கொண்ட நிறை என்று பொருள் தருகின்றன. கா என்பதற்கு இருபுறமும் சுமை தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் தண்டு என்னும் பொருளும் உண்டு. காவடி என்னும் சொல்லில் அது இன்றும் வாழ்கிறது. மலாய் மொழியில் பிக்குல் என்பது தோளில் சுமத்தலையும் ஒருவர் சுமக்கும் சுமையையும் குறிக்கும். நிறையளவையாக அது 100 காத்தி. சீன மொழியிலும் 100 காத்தி கொண்ட அளவையின் பெயர் சுமைத்தண்டையே குறிக்கிறது.

தோள்தண்டு, நூறு என்னும் எண், நிறைப்பெயர் ஆகிய மூன்றும் மூன்று மொழிகளில் ஒன்றுபோல் அமைந்திருப்பதைக் கண்டவுடன், ‘கா’வே பிக்குலின் மூலம் என்று முடிவு கட்டும் ஆவல் எழுவது இயல்பு. ஆனால் நிறையைக் கணக்கிட்டுப் பார்த்தால் அம்முடிவு நிலைக்காது. பிற்கால வழக்கில் ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம். நூறு பலம் 3.5 கிலோ. எந்தக் காலத்திலும் அது ஓர் ஆளின் தோள்சுமை ஆகாது. பிக்குலோ 60.48 கிலோ. நூறு என்னும் எண் மட்டுமே பொது, பொருள் பொதுவன்று.

அவ்வாறாயின் ‘கா’ என்னும் நிறைப்பெயர் எதிலிருந்து வந்திருக்கலாம்? கா என்பதற்குத் துலாக்கோல் என்னும் பொருளும் உண்டு. வடமொழியில் துலா என்பது தராசையும் நூறு பலத்தையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் துலாம் என்பதும் அவ்வாறே. ஆகவே ‘கா’ என்னும் நிறை தோள்தண்டிலிருந்து அன்றி, தராசின் தண்டிலிருந்து பெயர் பெற்றது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. பிக்குல் சுமப்பவரின் தோளை நோக்கிப் பெயரிடப்பட்டது. கா நிறுப்பவரின் கோலை நோக்கிப் பெயரிடப்பட்டது. இவ்வேறுபாடு சிறிதன்று. சுமந்தவரும் நிறுத்தவரும் வெவ்வேறு ஆட்களாக இருந்த தோட்டப்புற வாழ்வில் இது எத்துணைப் பெரிதாயிற்று என்பதை இனிக் காணலாம்.

ஜொகூரில் தமிழரின் பல அளவைகள்

19ஆம் நூற்றாண்டில் ஜொகூரின் பொருளாதாரம் காம்பிரையும் மிளகையும் சார்ந்திருந்தது. தெமெங்கோங் இப்ராஹிம் காலத்தில் தொடங்கி, பின்னர் சுல்தானாகிய அபு பாக்கர் காலத்தில் விரிவடைந்த காங்சூ முறையில், ஆற்றங்கரை நிலங்கள் சீனத் தலைவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. கங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்கள் அக்காலத்தின் எச்சங்கள். விளைபொருள் பிக்குல் கணக்கில் சிங்கப்பூருக்குச் சென்றது. 1917இல் காங்சூ முறை நீக்கப்படுவதற்கு முன்னரே இரப்பர் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 1909இல் ஜொகூர் இரயில் பாதை நிறைவுற்றதும் குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட் முதலிய வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்கு வந்த தொழிலாளருள் தமிழர் பெருந்தொகையினர்.

ஊரில் பலத்தையும் வீசையையும் படியையும் அறிந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் இங்கு ஒரே நாளில் பல அளவைகளுக்கிடையே வாழ வேண்டியதாயிற்று. சீனர் மளிகைக் கடையில் மீனும் சர்க்கரையும் காத்தியிலும், 16 தாகில் ஒரு காத்தி என்னும் கணக்கில் தாகிலிலும் விற்கப்பட்டன. அரிசிக்குக் கந்தாங்கும் சுப்பாக்கும் வழங்கின. கந்தாங் என்பது பிரிட்டிஷ் கேலனுக்குச் சமமாக 4.546 லிட்டர் என வரையறுக்கப்பட்டது. அதில் நான்கில் ஒரு பங்கு சுப்பாக். தாலிக்கும் சங்கிலிக்கும் பவுன். அதுவும் நிறையாக மாறிய ஒரு நாணயமே. பிரிட்டிஷ் பவுன் நாணயத்தின் நிறை 7.988 கிராம், பொற்கடைகள் அதனை 8 கிராமாக முழுமையாக்கிக் கொண்டன. தோட்டத்து ஸ்டோரில் இரப்பருக்கு இராத்தல்.

இவற்றுள் காத்தியும் தாகிலும் பிக்குலும் கந்தாங்கும் பழைய பெயர்களைத் தாங்கியவையாயினும், அவற்றின் நிறையும் கொள்ளளவும் பிரிட்டிஷ் அலகுகளோடு பொருத்தப்பட்டவை. காத்தி ஒன்றேமூன்றில் ஒரு இராத்தல் என்னும் நேர்த்தியான பின்னம் மரபின் வழிவந்தது அன்று, சட்டத்தின் வழிவந்தது. ‘மரபுவழி அளவை’ என்று நாம் குறிப்பிடும் 604.79 கிராம் காத்தி, குடியேற்ற ஆட்சி சீர்மைப்படுத்திய காத்தியே. பழமைக்கும் சீர்மைக்கும் இடையே நாம் வரையும் கோடு அத்துணைத் தெளிவானதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

கடையில் வழங்கிய கருவியும் கருதத்தக்கது. மலாயில் டாச்சிங் எனப்படும் கோல்தராசில் ஒரு முனையில் தட்டோ கொக்கியோ இருக்கும். மறுபுறம் ஒரே குண்டு கோலின்மேல் நகரும். இரு தட்டுத் தராசில் வாங்குபவர் படிக்கற்களை எண்ணிப் பார்க்கலாம். கோல்தராசிலோ கோலின்மேல் பொறித்த புள்ளிகளைப் படிக்கத் தெரிந்தவருக்கே நிறை தெரியும். தமிழ்ப் பெண்ணொருத்தி அக்கடையில் நின்றபோது, அளவையின் பெயரை மட்டுமன்றி அக்கோலின் மொழியையும் கற்க வேண்டியிருந்தது.

இராத்தல் தீர்க்காத வழக்கு

தோட்டத்தில் மரம் வெட்டும் தொழிலாளர் விடியலில் பால் மரங்களைச் சீவி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, தோளில் காண்டாக் கம்பிட்டு இருபுறமும் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குக் கொண்டுவந்தனர். காண்டா என்பது மலாய்க் கண்டார் என்னும் சொல்லின் தோட்டப்புற வடிவம். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தோள்தண்டில் சுமந்து விற்ற நாசி கண்டார் உணவின் பெயரிலும் அச்சொல்லே உள்ளது. ஆக, ‘கா’வைச் சுமந்தவர் தொழிலாளர். ஸ்டோரில் நிறுத்தவர் கிராணி.

இராத்தல் என்பது சட்டப்படி உறுதியான அலகு. ஸ்டோரில் இருந்த தராசு பழுதற்றது என்றே கொள்வோம். எனினும் கூலிக்குக் கணக்கிடப்பட்டது பாலின் நிறையன்று. அப்பாலிலிருந்து கிடைக்கும் உலர் இரப்பரின் நிறை. இரப்பர்ப் பாலில் உலர் இரப்பர் பொதுவாக மூன்றில் ஒரு பங்களவே இருக்கும். மரத்தின் வயது, பருவம், மழை ஆகியவற்றுக்கேற்ப அப்பங்கு கூடியும் குறைந்தும் வரும். அதனைக் காண மெட்ரோலாக் என்னும் மிதவைக்கருவி பயன்பட்டது. அல்லது சிறிது பாலை எடுத்து உறையவைத்து உலர்த்தி நிறுத்துக் கணக்கிட்டனர். பாலின் அளவை அந்த விகிதத்தால் பெருக்கினால் வரும் இராத்தலே பேரேட்டில் ஏறியது. மங்கில் தங்கிய கட்டிப்பாலும் வெட்டில் படிந்த ஒட்டுப்பாலும் தனியே நிறுக்கப்பட்டன.

இங்குத்தான் நாம் முன்னர்க் கண்ட மூன்று கூறுகளும் ஒன்றுசேர்கின்றன. அலகின் பெயர் எல்லார்க்கும் தெரியும். கல்லுக்கு அரசாங்க முத்திரை உண்டு. ஆனால் விகிதம் கருவியின் அளவுகோட்டில் கிராணி படித்த எண்ணில் இருந்தது. வள்ளுவர் கூறிய தொடிப் புழுதி கஃசானதை உழவன் தன் கையாலேயே தொட்டு அறியலாம். வாளிப் பால் எத்தனை இராத்தல் ஆயிற்று என்பதை வெட்டியவர் தம் கண்ணால் அறிய வழியில்லை. அடுத்த நாள் உலரும் தகட்டில் அவருடைய பால் பிறர் பாலோடு கலந்துவிடும். தஞ்சைக் கல்வெட்டு சரடு நீக்கி நிறுத்ததை எல்லாரும் படிக்கக் கல்லில் பொறித்தது. தோட்டத்தில் நீர் நீக்கி நிறுத்த கணக்கு பேரேட்டுக்குள் இருந்தது.

தோட்டப்புற முதியோர் பேச்சில் ‘பால் நிறுவை’ பற்றிய மனக்குறை அடிக்கடி ஒலிப்பதன் காரணத்தை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். அதனைக் கள்ளத் தராசு பற்றிய புகாராக மட்டும் வாசிப்பது போதாது. தராசு நேர்மையாக இருந்த இடத்திலும் அக்குறை எழ இடமிருந்தது. அலகைச் சீர்மைப்படுத்தியதால் மட்டும் நிறுப்பவர்க்கும் நிறுக்கப்படுபவர்க்கும் இடையேயுள்ள ஏற்றத்தாழ்வு நீங்கிவிடவில்லை. நிறுவை இடம்பெறும் தோட்டப்புறக் கதைகளைக் கற்பிக்கும் ஆசிரியர், ‘இராத்தல் = 453.59 கிராம்’ என்று பலகையில் எழுதுவதோடு நின்றுவிட்டால் அக்காட்சியின் உயிர்நிலையைத் தவறவிடுவார்.

மெட்ரிக் காலமும் தொடரும் கேள்வியும்

மலேசியா 1972ஆம் ஆண்டு நிறுத்தல் அளத்தல் சட்டத்தின்வழி அனைத்துலக அலகு முறையை ஏற்றது. தொடர்ந்த ஆண்டுகளில் இராத்தலும் காத்தியும் அலுவல் வழக்கிலிருந்து நீங்கின. 2007இல் தேசிய அளவீட்டு முறைச் சட்டம் இயற்றப்பட்டது. இம்மாற்றம் நுகர்வோர்க்கு அளித்த பாதுகாப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. எல்லாக் கடைகளிலும் ஒரே கிலோகிராம் என்பதும், தராசுகள் சோதித்து முத்திரையிடப்பட வேண்டும் என்பதும் ஏழை மக்களுக்கே மிகுந்த நன்மை தருபவை. மெட்ரிக் முறையை மேலைநாட்டுத் திணிப்பு என்று மட்டும் பேசும் பண்பாட்டுக் கட்டுரைகள் இதனைக் கருதுவதில்லை.

ஆயினும் பழைய கேள்வி புதிய வடிவில் தொடர்கிறது. தீபகற்ப மலேசியாவில் செம்பனை மிகுந்த மாநிலங்களுள் ஜொகூர் குறிப்பிடத்தக்கது. சிறுதோட்டக்காரர் கொண்டுவரும் செம்பனைக் குலைகளை எடைமேடை கிலோகிராம் வரை சரியாக நிறுத்துவிடும். விலையோ, அக்குலைகளிலிருந்து கிடைக்கக்கூடிய எண்ணெயின் விழுக்காட்டையும் சார்ந்தது. அவ்விழுக்காட்டைத் தரம் பார்ப்பவர் மதிப்பிடுகிறார். நிறை, தரம் ஆகிய இரண்டனுள் நிறை மட்டுமே கல்லுக்குக் கட்டுப்பட்டது. மாற்றுக்கும் நிறைக்கும் உள்ள பழைய உறவை இன்றும் இங்குக் காண்கிறோம்.

முடிவுரை

2019 மே 20 முதல் கிலோகிராம் எந்த உலோகக் கட்டியையும் சார்ந்ததன்று. 1889 முதல் பாரிசுக்கு அருகே காக்கப்பட்டுவந்த உருளை அப்பொறுப்பிலிருந்து விடுபட்டது. இயற்பியலில் பிளாங்க் மாறிலி எனப்படும் எண்ணைக் கொண்டு கிலோகிராம் இப்போது வரையறுக்கப்படுகிறது. ஆடவல்லான் என்னும் கல்லில் தொடங்கிப் பார்த்தால், நிறையளவை ஓர் ஊரின், ஓர் அரசரின் கல்லைச் சார்ந்திருந்த நிலையிலிருந்து எந்தக் கல்லையும் சாராத நிலைக்கு வந்துள்ளது. அளவைச் சீர்மையின் வரலாறு என்று நாம் பொதுவாக எழுதுவது இப்பயணத்தையே. அதனோடு எதனை நீக்கி நிறுத்தனர், எவர் படித்தனர் என்பவற்றின் வரலாறும் எழுதப்பட வேண்டும்.

இதனடிப்படையில் பதிப்பாசிரியர்க்கும் ஆசிரியர்க்கும் சில பரிந்துரைகளை முன்வைக்கலாம். நிறைப்பெயர் வரும் இடத்தில், அந்நூல் பெயரைச் சொல்கிறதா, விகிதத்தைச் சொல்கிறதா, உடைமையை ஆவணப்படுத்துகிறதா என்பதை முதலில் நோக்க வேண்டும். கிராமில் பெயர்த்துக் கூறும்போது காலத்தையும் இடத்தையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். மலேசியத் தமிழ்ப் படைப்புகளுக்கான சொல்லடைவுகளில் காத்தி, தாகில், கந்தாங், காண்டா முதலிய சொற்கள் அவற்றின் பயன்பாட்டு விளக்கத்தோடு இடம்பெற வேண்டும்.

இறுதியாக, காலத்தோடு போட்டியிட வேண்டிய பணி ஒன்று உண்டு. ஜொகூரின் இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் தந்துவிட்டன. 2006இல் தொடங்கிய இஸ்கந்தர் வளர்ச்சி வட்டாரம் தென்ஜொகூரின் தோற்றத்தையே மாற்றியது. இராத்தல் காலத்தில் பால் வெட்டியவர்கள் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். அவர்கள் வீடுகளில் எஞ்சியுள்ள சம்பளச் சீட்டுகளும், நிறுவை பற்றிய அவர்களின் நினைவுகளும் எந்த வாய்பாட்டிலும் இல்லாதவை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தம் மாணவரைக்கொண்டு அவர்தம் பாட்டன் பாட்டியரிடம் இவற்றைக் கேட்டுப் பதிவு செய்தால், தமிழ் நிறையளவை வரலாற்றில் நிறுக்கப்பட்டவர் தரப்புச் சான்றும் இடம்பெறும்.